நம் நாட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லையே என்று ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெல்போர்னில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள், "லக்சம்பர்க்கில் என்ன மொழி?" என்று கேட்டார்களாம். லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று என்றதும், "எந்தப் பக்கம் எது?" என்றார்களாம்.

பெல்ஜியத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அந்தக் கேள்வி சரி. அங்கே மொழி வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடக்கிறது. நம் லக்சம்பர்க்கில் ஒரே ஆள் பொழுது சாய்வதற்குள் மூன்றையும் புழங்கிவிடுகிறார்.

நம் தெருமுனை பேக்கரி ஞாபகம் இருக்கிறதா? இன்று காலை எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். உள்ளே வரும்போது "மொயன்" என்று லக்சம்பர்கிஷில் வணக்கம் சொன்னார். கல்லாவில் இருக்கும் பெண் பிரான்சிலிருந்து தினமும் ரயிலேறி வருகிறவள், ஆகவே ரொட்டி கேட்டது பிரெஞ்சில். கக்கத்தில் இடுக்கியிருந்த பேப்பர் ஜெர்மன். பின்னால் நின்ற கொத்தனார் தம்பிகள் இருவரும் போர்த்துகீசியத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மொழி மாறுகிறோம் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் இல்லை.

மொத்தப் பரப்பே 2,586 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். போதாததற்கு பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிறார்கள். இது இன்று நேற்று தொடங்கியதில்லை. தெற்கே நம் எஷ் நகரத்துப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புத் தாது கிடைத்தது. அந்த வேலைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்தார்கள், 1960களிலிருந்து போர்த்துகீசியர்கள். எஷ்ஷை ஒட்டிய பெல்வாலில் கடைசி இரும்பு உலை 1997-இல் அணைந்தது. நீ படித்த பல்கலைக்கழகம் அந்த உலைகளின் காலடியில்தான் நிற்கிறது.

ஆனால் அவர்களிடம் நீ முதலில் சொல்ல வேண்டியது 1941-ஐப் பற்றித்தான். நாஜிகள் பிடித்துவைத்திருந்த காலம். அக்டோபர் 10-ஆம் தேதி ஒரு கணக்கெடுப்பு வைத்தார்கள். நீ எந்த நாட்டான், உன் தாய்மொழி எது, உன் இனம் எது என்று மூன்று கேள்விகள். லக்சம்பர்கிஷ் வெறும் வட்டார வழக்கு, அதைத் தாய்மொழி என்று எழுதக் கூடாது என்பது உத்தரவு. ஜெர்மன் என்று எழுதவைத்து நாட்டையே விழுங்கிவிடத் திட்டம். அதற்கு இணங்காதீர்கள் என்று ரகசியமாகத் துண்டுச்சீட்டுகள் கைமாறின. மாதிரிக்கு எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலான தாள்களில் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்: லக்சம்பர்கிஷ். கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். 'மூன்று முறை லக்சம்பர்கிஷ்' என்று இன்றும் இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

அப்படிக் காப்பாற்றிய மொழி சட்டப்படி தேசிய மொழியானது 1984-இல்தான். அதே சட்டத்தில் பிரெஞ்சும் ஜெர்மனும் நிர்வாக மொழிகளாக இருக்கின்றன. சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில். மூன்றில் எதில் மனு எழுதினாலும், முடிந்தவரை அதே மொழியில் அலுவலகம் பதில் தர வேண்டும். இதை நான் பெரிய மரியாதையாகவே நினைக்கிறேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா. பள்ளிக்கூடம் கஷ்டம்தான், அது உனக்கே தெரியும். வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் லக்சம்பர்கிஷ். ஆறு வயதில் எழுத்துக் கற்பது ஜெர்மனில், அப்புறம் பிரெஞ்சு. உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் கணக்குப் பாடமும் பிரெஞ்சுக்கு மாறியது. சாப்பாட்டு மேசையில் நீ கணக்குப் போடும்போது உதடு மட்டும் அசையும். இருபத்தைந்தை ஜெர்மன்காரர் மாதிரி 'ஐந்தும் இருபதும்' என்று முணுமுணுத்துவிட்டு, விடையைப் பிரெஞ்சில் எழுதுவாய். உன்னோடு படித்த எத்தனையோ போர்த்துகீசியப் பிள்ளைகள், கெட்டிக்காரப் பிள்ளைகள், ஜெர்மன் வராததால் மட்டும் பின்தங்கிப் போனார்கள். 2022-இலிருந்து சில பள்ளிகளில் பிரெஞ்சிலும் எழுத்தறிவிக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துதான் வந்தது.

அந்த வருஷங்களில் ஜெர்மன் டிக்டேஷனில் மார்க் குறைந்ததற்கெல்லாம் உன்னைத் திட்டினேன். ஒரு நாள் நோட்டைத் தூக்கி எறிந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் பொறுக்கி எடுத்துவைத்தாய். பத்து வருஷம் கழித்து, குடியுரிமைக்காக நான் லக்சம்பர்கிஷ் பேச்சுத் தேர்வுக்குத் தயாரானபோது, அதே மேசையில் எனக்குப் பாடம் நடத்தியவள் நீ. ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்வார்கள். சந்தை, மழை, குடை என்று ஒவ்வொரு வார்த்தையாக நீ சொல்லித்தர, நான் தப்புத் தப்பாகச் சொல்ல, ஒரு தடவைகூட நீ குரலை உயர்த்தவில்லை. அப்போதே உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

அந்த நோட்டு பரணில் இருக்கிறது. டிசம்பரில் வரும்போது எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா