காலண்டர் அட்டைக்கு ஒரு நன்றி மடல்

ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, மெடிக்கல் காலேஜ் மூன்றிலும் உழைத்த எல்லோருக்கும், 108 தம்பிகளுக்கும், எங்கள் தெருவுக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் வரை நடக்கிறார். ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டையும் போடுகிறார். அன்று ராத்திரி அவருக்கு மாரடைப்பு வந்தபோது நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, அதே வேலைக்குக் குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு, ஆக 14 மாத்திரை. மாரடைப்புக்கு முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க 2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கணக்கு இதுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அத்தனையும் உள்ளே போய்விட்டது. ஆஸ்பிரினை விழுங்கவிடாமல் மென்று தின்ன வைத்தார். மென்றால்தான் சீக்கிரம் வேலை செய்யும்.

வட்ட மருத்துவமனையில் ஈசிஜி எடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு என்று முதல் தாளிலேயே தெரிந்துவிட்டது. அதோடு விடாமல் ஈசிஜி ஒயர்களை மார்பின் வலப்பக்கம் மாற்றி வைத்து இன்னொன்றும் எடுத்தார். இதயத்தின் வலது கீழறையும் அடிபட்டிருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் பிரஷரை மளமளவென்று இறக்கிவிடும். நெஞ்சுவலி என்றாலே சார்பிட்ரேட் என்பது நம் ஊரில் கை வைத்தியம் போல ஆகிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் ஆளாளுக்கு அதைச் சொன்னபோதும், அந்த இரண்டாவது தாளைப் பார்க்கும்வரை வேண்டாம் என்று நிறுத்திவைத்த டியூட்டி டாக்டருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசியை எடைக்குத் தக்க அளவில் ஒரே தடவையில் ஏற்றிவிட்டு, ஏற்றிய மணியை ரெஃபரல் சீட்டின் தலையிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார் ஸ்டாஃப் நர்ஸ். அந்த ஒரு வரியை வைத்துத்தான் மெடிக்கல் காலேஜில் முடிவெடுப்பார்கள். ஊசி போட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் எடுக்கும் ஈசிஜியில், மாரடைப்பால் மேலே ஏறியிருந்த கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் கட்டி கரைந்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோவை 3 முதல் 24 மணி நேரத்துக்குள் நிதானமாகச் செய்யலாம். இறங்காவிட்டால் உடனே ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்கு ஏற்ற வேண்டும். சீட்டில் மணி இல்லை என்றால் இந்தக் கணக்கையே போட முடியாது.

சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி, பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ என்ற இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. இதய மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முள்ளாசாரி குழுவினர் 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் 2420 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். நூற்றுக்கு மூன்று பேர்தானே என்று காகிதத்தில் படித்தால் தோன்றும். அந்த மூன்றில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் அப்படித் தோன்றாது.

அப்பாவின் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்த கேத் லேப் டாக்டர்கள், வார்டு சிஸ்டர்கள், தள்ளுவண்டி அண்ணன்மார், காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் ஆதாரையும் ரேஷன் கார்டையும் பொறுமையாகச் சரிபார்த்த தங்கை, சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. தனித்தனியாக எழுதினால் மடல் முடியாது.

ஏனென்றால் மீதி இடம் முழுக்க வட்ட மருத்துவமனை பார்மசி அக்காவுக்கு வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் தொடர் மாத்திரை வாங்க அந்த ஜன்னலுக்குத்தான் போனோம். சீட்டில் ஆறு மருந்து. “வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மதியம் வாங்க” என்றார் அக்கா. பையைக் கொட்டிப் பார்த்ததும் முதலில் தனியே எடுத்துவைத்தது பிரஷருக்கு அப்பா முன்பு போட்டுவந்த அட்டெனலால். புதுச் சீட்டில் மெட்டோப்ரோலால் இருக்கிறது. பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை. சேர்த்துப் போட்டால் நாடித்துடிப்பு இறங்கி ஆள் மயங்கி விழுந்துவிடுவார். அடுத்து ஒதுக்கியது ஒமெப்ரசோல். வயிற்றுக்குத்தானே என்று அதைப் போட்டால் குளோபிடோக்ரெலின் வேலை குறையும். அதனால்தான் சீட்டில் பான்டோப்ரசோல் எழுதியிருக்கிறார்கள். கடையில் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள் என்றும் சொன்னார். நாங்களே மருந்துக்கடை வைத்திருப்பவர்கள். அந்த “ரெண்டும் ஒண்ணுதான்” எத்தனை கவுண்டர்களில் ஒலிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து போன வருடத்து தினசரி காலண்டர் அட்டை ஒன்றை எடுத்தார். தாளெல்லாம் கிழித்து முடிந்த வெறும் அட்டை, மேலே முருகன் படம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்கேல் வைத்து மூன்று பத்தி கோடு போட்டார். முதல் பத்தியின் தலையில் உதிக்கிற சூரியன், நடுவில் உச்சி வெயில், கடைசியில் நிலா. அப்பாவுக்கு எழுத்து சரியாகத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து பிடிபடாது. ஒவ்வொரு மருந்தின் ஸ்ட்ரிப்பிலும் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துவிட்டு, அந்தக் காலிக் குமிழைப் பெயரோடு சேர்த்துக் கத்தரித்து, உரிய பத்தியில் டேப் போட்டு ஒட்டினார். சூரியனுக்குக் கீழே பான்டோப்ரசோல், வெறும் வயிறு என்பதற்குக் காலித் தட்டு. அதற்கடுத்து மெட்டோப்ரோலால். உச்சி வெயிலில் ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, பக்கத்தில் சோறு நிறைந்த தட்டு. நிலாவில் பிரஷருக்கான ராமிப்ரிலும் அட்டோர்வாஸ்டாட்டினும். அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி.தான் இருப்பு, சீட்டில் 80. அதனால் அங்கே இரண்டு குமிழ்.

மாத்திரையையே ஒட்டினால் ஈரம் கோத்துப் பொடியும், பேரப்பிள்ளைகள் பிய்த்து வாயில் போடும். அதனால் காலிக் குமிழ். சில ஸ்ட்ரிப்பில் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். அந்த ஓரத்திலிருந்து பிதுக்கக் கூடாது, எதிர்முனையிலிருந்து வர வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அரசு மருந்து டெண்டரில் வாங்கப்படுவது. கம்பெனி மாறினால் நிறம் மாறும், உருவம் மாறும். மெடிக்கல் காலேஜில் கொடுத்தது வெள்ளை, இங்கே கொடுப்பது ரோஸ், அவசரத்துக்கு வெளியில் வாங்கினால் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் பொடியாகவும் அச்சடித்த இன்னொன்று. மூன்றும் ஒரே குளோபிடோக்ரெல் என்று தெரியாமல் மூன்றையும் போட்டு ஈறில் ரத்தம் கசிய வருபவர்கள் உண்டு. தெரியாத நிறமாக இருக்கிறதே என்று ஒன்றையும் போடாமல் விட்டு, வைத்த ஸ்டென்ட் அடைத்து வருபவர்களும் உண்டு. அக்கா சொன்ன வழி, புதிய ஸ்ட்ரிப் வந்தால் பழைய துண்டின் மேலேயே ஒட்டுவது. பக்கத்தில் ஒட்டினால் இரண்டையும் போட்டுவிடுவார்கள்.

அட்டையின் அடியில் சிவப்புக் கட்டம். அதற்குள் டைக்ளோஃபெனாக் காலி ஸ்ட்ரிப், மேலே பெரிய பெருக்கல் குறி. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் இந்த மாத்திரை, மாரடைப்பு வந்தவருக்கு மறுபடியும் வர வழி பண்ணும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். பின்பக்கம் ஸ்டென்ட் வைத்த தேதி. அதன் கீழே, “பல் பிடுங்கினாலும் சரி, விரதம் இருந்தாலும் சரி, ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் ஹார்ட் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.” கடைசி வரியில் 108.

ஊசி போட எத்தனை நிமிடம், எத்தனை ஆஞ்சியோ என்பதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில் பதிவேடு உண்டு. இந்த அட்டைக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமல் செய்த வேலை அது. எங்களுக்காக மட்டும் செய்ததும் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இன்னும் நாலைந்து காலண்டர் அட்டைகள் சாய்த்து வைத்திருந்தார்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி எங்கள் கடையிலும் கத்தரிக்கோலும் டேப்பும் கவுண்டர் மேலேயே இருக்கும். இதய மாத்திரை எங்கே வாங்கியிருந்தாலும் சரி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் வீட்டிலுள்ள பழைய மாத்திரைப் பையையும் எடுத்து வாருங்கள், காசு வேண்டாம், ஒட்டித் தருகிறோம். சம்மரி இல்லாமல் மாத்திரையை மட்டும் கொண்டுவந்தால் செய்ய முடியாது. எதை நிறுத்தச் சொன்னார்கள் என்பது அதில்தான் இருக்கும். ஒரே வகையில் இரண்டு இருந்தால் நாங்களாக எதையும் நீக்க மாட்டோம், எழுதிக்கொடுத்து டாக்டரிடம் அனுப்புவோம். தாள் தீர்ந்த காலண்டர் இருந்தால் குப்பையில் போடாமல் கொண்டுவந்து கொடுங்கள். பாதியை பார்மசி அக்காவிடம் சேர்த்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்