முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளுக்குச் சிறுநீர் டியூப் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆறாம் வகுப்பு மாணவியின் தாய்
(பெயர், முகவரி, குடும்ப அட்டை எண் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: முதுகுத்தண்டு பிறவிக் குறைபாடு – அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தேவைகள் – சிறுநீர் டியூப் மாதந்தோறும் வழங்கவும் பள்ளியில் வசதி செய்து தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. பிறந்தபோதே அவள் முதுகின் அடியில் ஒரு கொழுப்புக் கட்டியும் அதன்மேல் சிறு முடிக்கற்றையும் இருந்தன. தண்டுவடத்தின் நுனி வழக்கமாக இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். இவளுக்கு அது கீழே இறங்கி அந்தக் கட்டியோடு ஒட்டியிருந்தது. பிள்ளை வளர வளர நரம்பு இழுபடும்; கால்களும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் ஆனது. கைக்காசு செலவாகவில்லை. இன்று நடக்கிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மனு அதற்குப் பிறகான பாட்டைப் பற்றியது.

அவளுக்குச் சிறுநீர் முட்டுவது தெரியாது, தானாக முழுசாகப் போகவும் செய்யாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்க வேண்டும். விட்டால் தேங்கி, கிருமி சேர்ந்து, காய்ச்சல் வரும். சிறுநீர்ப்பையின் அழுத்தம் மேலேறினால் கிட்னி கெடும். அப்புறம் டயாலிசிஸ்தான்; அதற்கு ஆகும் செலவுக்கு முன்னால் இந்த டியூப் ஒரு செலவே இல்லை என்று அதிகாரிகளுக்குத் தோன்றலாம். தையல் கூலியில் வீடு நடத்தும் எனக்கு அப்படி இல்லை. 10-ஆம் நம்பர் டியூப், ஜெல்லி, டயப்பர் எல்லாமே வெளியே மருந்துக்கடையில்தான் வாங்குகிறேன். ஒரே டியூப்பைக் கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். அது விறைத்துப்போய், உரசி ரத்தம் கண்டால்தான் தூக்கிப் போடுகிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளும் அதே திட்டத்தில் தரப்படுகின்றன. பை வரும் வழியில் டியூப்பும் வரலாமே, ஐயா. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ரப்பர் அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் லேட்டக்ஸ் இல்லாத டியூப்பாகவே கொடுக்க வேண்டும்.

பள்ளி விஷயம் இன்னும் கஷ்டம். மதியம் அவளே டியூப் போட்டுக்கொள்வாள், பழக்கிவிட்டேன். ஆனால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சோப்பும், பார்த்து டியூப் போடக் கண்ணாடியும் வைக்க ஒரு திட்டுகூடக் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எப்படிச் செய்வாள்? அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. ஆசிரியர்கள் நல்லவர்கள்தான், நீங்களே வந்து செய்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். தாழ்ப்பாள், ஓடும் தண்ணீர், சுவரில் ஒரு பலகை, மூடியுள்ள குப்பைக்கூடை. இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம், தங்கள் ஒரு கையெழுத்து போதும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு 30 சதவீதம் என்று எழுதினார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாததை யாரும் கேட்கவே இல்லை. யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவரின் அறிக்கையையும் சேர்த்து மறு மதிப்பீடு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மளமளவென்று வளரும் இந்த வயதில் தண்டுவடம் மறுபடி இழுபடலாம் என்று ஆபரேஷன் செய்த மருத்துவர் சொல்லியிருந்தார். கொஞ்ச நாளாக இடது கால் செருப்பு கழன்று விழுந்தால் அவளுக்குத் தெரிவதில்லை. நியூரோ ஒரு நாள், யூராலஜி ஒரு நாள், எலும்பு மருத்துவர் வேறொரு நாள் என்று அலைந்தால் எனக்குக் கூலி போகிறது, அவளுக்குப் பள்ளி போகிறது. பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகவே ஆர்பிஎஸ்கே என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. மாதம் ஒரு நாளாவது அங்கே இந்த மருத்துவர்கள் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுமாறும், அதுவரை காத்திராமல் என் மகளுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க உடனே உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி நகல், சான்றிதழ் நகல், மருந்துக்கடை ரசீதுகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)