இலேசான பிளேடும் கண்ணுக்குத் தெரியாத சேதமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான எஞ்சின்களில் உலோகத்தின் இடத்தைக் கார்பன் இழை காம்போசிட் (எபாக்சி போன்ற ரெசின் பிசினில் கார்பன் இழைகளைப் பதித்துச் செய்த பொருள்) பிடித்துவருவது பற்றிய பேச்சு பெரும்பாலும் எரிபொருள் மிச்சத்தோடு முடிந்துவிடுகிறது. பராமரிப்புப் பணியை அது எப்படி மாற்றுகிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

எடைக் கணக்கு உண்மைதான். ஒரு கன செ.மீ. டைட்டானியம் சுமார் 4.4 கிராம், கார்பன்-எபாக்சி 1.6 கிராம். ஃபேன் பிளேடு (எஞ்சின் முகப்பில் சுழலும் விசிறியின் இறகு) இலேசானால் அதைத் தாங்கும் டிஸ்க், பிளேடு முறிந்தால் வெளியே பாயாமல் தடுக்கும் உறை, பேரிங், எஞ்சினை இறக்கையோடு பிணைக்கும் பைலான் என்று வரிசையாக எல்லாமே இலேசாகும்.

ஆனால் 1970இல் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி211 எஞ்சினுக்குச் செய்த கார்பன் பிளேடுகள் பறவை மோதல் சோதனையில் தேறவில்லை. நிறுவனம் டைட்டானியத்துக்கே திரும்பியது. 1995இல் சேவைக்கு வந்த ஜிஇ90 எஞ்சினில்தான் காம்போசிட் பிளேடு நிலைபெற்றது. மோதலை முதலில் வாங்கும் முன்விளிம்புக்கு அதில் டைட்டானியக் கவசம் போட்டிருந்தார்கள். பின்னர் வந்த லீப் எஞ்சினில் இழைகளை முப்பரிமாணத்தில் நெய்து, மூடிய அச்சில் ரெசினைச் செலுத்துகிறார்கள். அடுக்கடுக்காக ஒட்டாததால் அடுக்குகள் பிரியும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. லீப்புக்கு முந்தைய தலைமுறையான சிஎஃப்எம்56-5பி எஞ்சினில் 36 பிளேடுகள் இருந்தன. லீப்பில் 18 போதும்.

உலோக பிளேடில் அடிபட்டால் பள்ளம் தெரியும். சிறு வெட்டு என்றால், கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் அரத்தால் இழைத்துவிடலாம். காம்போசிட்டை அப்படி இழைத்தால் இழை அறுந்து ஈரம் புகும். மேற்பரப்பு பளபளவென்றே இருக்க, உள்ளே ரெசின் விரிசல் விட்டிருக்கலாம். நாணயத்தால் தட்டி, மந்தமான ஒலி வருகிறதா என்று பார்ப்பது மெல்லிய பலகைகளுக்குச் சரி. பிளேடின் தடித்த வேர்ப்பகுதிக்கு அது உதவாது. கேளா ஒலியைச் செலுத்தி உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனைதான் வேண்டும். முன்விளிம்புக் கவசத்தின் ஒட்டு விட்டிருக்கிறதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும்.

பழுதுபார்ப்பிலும் அவசரம் ஆகாது. பாகத்தை முழுமையாக உலர்த்தாமல் சூடேற்றி ஒட்டினால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி ஒட்டையே பிளந்துவிடும். ரெசின் ஊறிய துணியை உறைநிலைக்குக் கீழே, வழக்கமாக மைனஸ் 18 டிகிரியில், வைக்க வேண்டும்; வெளியே இருந்த நேரத்தை ஒவ்வொரு முறையும் பதிவுசெய்ய வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால் குளிர்ந்த துணியில் பனி படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். கார்பன் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால் இடையே கண்ணாடி இழை அடுக்கு தேவை.

எஞ்சினின் வெப்பப் பகுதியில் எபாக்சிக்கு வேலையில்லை. அங்கே சிலிக்கான் கார்பைடு பீங்கான் காம்போசிட் வந்துவிட்டது. அதன் பாதுகாப்புப் பூச்சு உதிர்ந்தால், எரிபொருள் எரிந்து வரும் வாயுவிலுள்ள நீராவி அதைக் கரைத்துத் தின்றுவிடும்.

ஆகவே விமானப் பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்கள் காம்போசிட்டை ஒரு பாடமாக மட்டும் நடத்தினால் போதாது. சேவையிலிருந்து கழிக்கப்பட்ட, உள்ளே சேதமடைந்த பாகங்களை மாணவர் கையில் கொடுத்து, சேதத்தின் எல்லையை அவர்களே குறிக்கச் செய்ய வேண்டும். பிறகு அதை அறுத்துக் காட்டி, குறித்தது சரியா என்று சோதிக்க வேண்டும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணையும் இதற்கே தர வேண்டும்.

— விமானப் பராமரிப்புப் பொறியாளர், சென்னை