ஆண்டறிக்கை: எல்விஸ் பிரெஸ்லி ஒலிப்பதிவு அட்டவணைப் பணி

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்தது ஒரே வேலை: அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பதிவானவை அனைத்துக்கும் அட்டவணை. அவர் முதலில் பாடிய மெம்பிஸின் சன் இசைத்தட்டுக் கம்பெனிக் காலமும், பிறகு சேர்ந்த ஆர்.சி.ஏ. கம்பெனியில் அவர் ராணுவத்துக்குப் போன 1958 வரையிலான பதிவுகளும் முடிந்துவிட்டன. அறுபதுகள் பாதியில் நிற்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஓர் அட்டை எதற்கு என்பதைத்தான் செயற்குழு முதலில் முடிவு செய்தது. பாட்டுக்கு ஓர் அட்டை என்றால் வேலை சுலபம், ஆனால் அட்டவணை பயன்படாது. 'ஆர் யூ லோன்சம் டுநைட்' 1960 ஏப்ரலில் நாஷ்வில் ஸ்டுடியோவில் பதிவானது. 1969 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மேடையில் நடுவே சிரிப்பு வந்து பாட முடியாமல் போனாரே, அதுவும் அதே பாட்டுத்தான். இரண்டையும் ஒரே அட்டையில் போட முடியாது. ஆகவே பதிவுக்கு ஓர் அட்டை. எந்தெந்த இசைத்தட்டில் வந்தது என்பது அதன் பின்பக்கத்தில். 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' 1968 மார்ச்சில் ஒரு படத்துக்காகவும், ஜூனில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகவும் பதிவானது. 2002இல் உலகெங்கும் ஓடிய ரீமிக்ஸ் ஜூன் பதிவிலிருந்து செய்தது. அதனால் அது ஜூன் அட்டையின் கீழ் ஒரு வரியாகத்தான் வரும்.

அதிகப் பிழை நேர்ந்த இடம் மேட்ரிக்ஸ் எண், அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி கொடுத்துத் தட்டில் பொறிக்கும் எண். 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' 1956 ஜனவரி 10 அன்று நாஷ்வில்லில் பதிவானது. அதன் எண் ஜி2டபிள்யூபி-0209 (G2WB-0209). முதல் எழுத்து ஆண்டைக் குறிக்கும்: எஃப் 1955, ஜி 1956, எச் 1957. அடுத்து ஐ கிடையாது, நேரே ஜே 1958, கே 1959, எல் 1960. ஓ, கியூ ஆகியவையும் இந்த வரிசையில் இல்லை. கடைசி இரண்டு எழுத்துகள் தட்டின் வகையைச் சொல்லும்: டபிள்யூபி (WB) என்றால் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு, டபிள்யூடபிள்யூ (WW) என்றால் 45 சுற்று, காதில் அதே டபிள்யூபி என்று விழும் WP என்றால் எல்பி, அதாவது நெடுநேரம் ஓடும் 33⅓ சுற்றுத் தட்டு. ஆங்கில எழுத்துகளில் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ஒன்றாகிவிடுவதால், அட்டையில் இவ்வெழுத்துகளை கூட்டெழுத்தாகச் சேர்த்து எழுதாமல் தனித்தனிப் பெரிய எழுத்தாகத் தட்டில் உள்ளபடியே வரைய வேண்டும். 45 தட்டில் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் டபிள்யூடபிள்யூ-0209 என்று கண்டதும் வேறு பதிவு என நினைத்துப் புது அட்டை போட்டவர்கள் உண்டு. இலக்கம் ஒன்றாக இருந்தால் பதிவும் ஒன்றுதான்.

முதல் எழுத்தை அப்படியே நம்பவும் கூடாது. அது எண் கொடுத்த ஆண்டே தவிரப் பாடிய ஆண்டல்ல. 'தட்ஸ் ஆல் ரைட்' 1954 ஜூலை 5 அன்று சன் ஸ்டுடியோவில் பதிவானது. 1955 நவம்பரில் சன்னிடமிருந்து ஒப்பந்தத்தையும் டேப்புகளையும் வாங்கிய ஆர்.சி.ஏ., அதற்கு எஃப் வரிசையில் எண் கொடுத்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஓராண்டு தவறிவிடுவார். 1956 மார்ச்சில் வந்த முதல் எல்பியிலும் இதே சிக்கல். 12 பாட்டில் 7 மட்டுமே ஆர்.சி.ஏ. பதிவுகள், மீதி 5 சன்னில் பாடிக் கிடப்பில் இருந்தவை. சன்னில் முறையான பதிவேடு வைக்கவில்லை. எனவே நாள் உறுதியில்லாத இடத்தில் மாதமும் ஆண்டும் மட்டும் எழுதியிருக்கிறோம். ஊகித்த நாளைவிட வெற்றிடம் மேல்.

டேக் எண்ணிலும், அதாவது ஒரு பாட்டைப் பதிவு செய்ய எடுத்த முயற்சிகளின் எண்ணிலும், கவனம் வேண்டும். 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் 'ஹவுண்ட் டாக்' 31 டேக் போனது, 'டோன்ட் பி க்ரூயல்' 28. முப்பத்தொரு முறை முழுதாகப் பாடினார் என்று இதற்குப் பொருளல்ல. தொடங்கியதும் நின்றுபோனதற்கும் ஓர் எண் உண்டு. அட்டையில் முழு டேக், தவறிய தொடக்கம் என்று பிரித்தெழுதவும். தட்டில் வெளியிடத் தேர்ந்த மூலப் பதிவு (மாஸ்டர்) இரண்டு டேக்குகளை வெட்டி ஒட்டியது என்றால் இரண்டு எண்களும் வர வேண்டும்.

எல்விஸ் பெரும்பாலும் இரவில் பாடியவர். பதிவு அமர்வு மாலையில் தொடங்கி விடியற்காலை வரை நீளும். மெம்பிஸின் அமெரிக்கன் ஸ்டுடியோவில் 'சஸ்பீஷியஸ் மைண்ட்ஸ்' 1969 ஜனவரி 22 இரவு அமர்வைச் சேர்ந்தது. பாடியது 23 அதிகாலை. அட்டையில் அமர்வு தொடங்கிய நாள், பாடிய நாள் இரண்டுக்கும் கட்டம் உண்டு. பித்தளை வாத்தியங்கள் பிறகு சேர்த்தவை; முடிவில் ஒலி தேய்ந்து மறுபடி எழுவதும் மிக்சிங்கில் செய்தது. அவற்றுக்குத் தனி வரி. 1981இல் வந்த 'கிட்டார் மேன்' தட்டில் குரல் 1967ஆம் ஆண்டினது, வாத்தியங்கள் புதியவை. இதையும் 1967 அட்டையின் கீழேயே வைத்தோம்.

ஸ்டீரியோ என்று தட்டின் உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்.சி.ஏ. ஸ்டீரியோ எல்பிகளுக்குக் கொடுத்த எல்.எஸ்.பி. (LSP) எண்ணுக்குப் பின் அடைப்புக்குள் சிறிய 'இ' (e) இருந்தால் அது மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவை மின்னணு முறையில் பிரித்துக் காட்டியது. நம் அட்டையில் அது மோனோதான்.

தட்டைத் துடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 78 சுற்று அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் மேற்பரப்பு கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் போதும்; லேபிள் நனையக் கூடாது. 78க்கு 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி. எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். பாட்டின் நேரத்தை அளக்கும் முன் ஸ்ட்ரோப் அட்டையால் வேகம் சரிபார்க்கவும்; மின்விளக்கொளியில் அதன் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 33⅓ வேகத்தில் 180 கோடுகள், 78இல் 77. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் அட்டையை வைத்தால் எல்லாம் தப்பாகும்.

இயற்றியவர் கட்டத்தில் லேபிளில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறோம். 'தட்ஸ் ஆல் ரைட்' பாட்டை இயற்றி 1946இல் முதலில் பாடியவர் ஆர்தர் க்ரூடப். ராயல்டியில் சேர வேண்டியது சேராமலே 1974இல் இறந்தார். அவர் பெயர் நம் அட்டை எதிலும் விடுபடக் கூடாது என்பதில் செயற்குழு உறுதியாக இருக்கிறது.

அறுபதுகள் முடிந்ததும் 1976இல் கிரேஸ்லாண்ட் வீட்டிலேயே, பதிவு வண்டியை வெளியே நிறுத்திச் செய்த பிப்ரவரி, அக்டோபர் அமர்வுகளை எடுப்போம்.

அவையின் முடிவுக்கு ஒன்று இருக்கிறது. 1956 டிசம்பர் 4 அன்று சன் ஸ்டுடியோவில் கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகியோருடன் எல்விஸ் பாடிய டேப்பில் பல பாட்டுகள் சில அடிகளோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் தனி அட்டை வேண்டும், தலைப்பில் 'துண்டு' என்று குறிக்க வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை. தீர்மானத்தை விவாதத்துக்கு வைக்கிறேன்.

செயலாளர்