தாரணியின் மணிக்கட்டு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உன் தொடர்கதையை முதல் எபியிலிருந்து, அதாவது முதல் எபிசோடிலிருந்து, மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவது என்று இருந்தேன், அதனால்தான் இத்தனை தாமதம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. ராஜி வேலை மாறிவிட்டாள், புது மேனேஜரும் பழையவர் மாதிரியேதான் என்கிறாள். பாஸ்கர் இன்னும் பாஸ்கராகவே இருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாசகிகள் உன் கதாநாயகன் முகிலனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், பொண்டாட்டியை அடிக்கிறவனை இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று பயமாக இருக்கிறது, அடுத்த எபியில் அவனை இன்னும் மோசமானவனாகக் காட்டிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மீனா. தயவுசெய்து செய்யாதே. முகிலன் உன் கையில் இதுவரை வந்ததிலேயே உயிருள்ள ஆள். இரவு லேட்டாக வரும்போது படியில் தூங்கும் நாய் விழித்துவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறானே, அந்த இடத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாயின் தூக்கத்துக்கு அத்தனை மரியாதை கொடுக்கிறவன் கதவைத் திறந்து உள்ளே போனதும் என்ன செய்கிறான்! இரண்டும் ஒரே ஆள் என்று நம்பவைத்திருக்கிறாய். அதைக் கெடுத்து அவனுக்குக் கோரைப் பல் வைத்துவிட்டால் வாசகிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? 'ரைட்டர் எங்கள் முகிலனை வேண்டுமென்றே கெடுக்கிறார்' என்று உன்மேல் கோபப்படுவார்கள். அவன்மேல் ஒரு துரும்பும் விழாது.

இது நான் ஊகிப்பது இல்லை, இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆன பழைய கதை. சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'கிளாரிஸா' என்ற ஆங்கில நாவல் 1747, 1748-ல் பகுதி பகுதியாக வெளிவந்தது, கிட்டத்தட்ட உன் தொடர் மாதிரி. அதில் லவ்லேஸ் என்றொருவன். அழகன், பேச்சுக்காரன், அவன் கடிதங்களைப் படித்தால் நம்மை அறியாமல் சிரித்துவிடுவோம். கிளாரிஸாவை ஏமாற்றி வீட்டைவிட்டு வரவழைத்து, அடைத்துவைத்து, மருந்து கொடுத்து மயக்கிப் பலாத்காரம் செய்கிறவனும் அவன்தான். கடைசிப் பகுதிகள் வருவதற்கு முன்பே வாசகிகள் ஆசிரியருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிராட்ஷா சீமாட்டி என்பவர் வேறொரு பெயரில் எழுதி, லவ்லேஸைத் திருத்திக் கிளாரிஸாவுக்கே கட்டிவையுங்கள் என்று மன்றாடினார். இத்தனை கெட்டவனை ஏன் இத்தனை பிடிக்கும்படி படைத்தீர்கள் என்றும் கேட்டார். உனக்கு வருகிற கடிதங்களில் பாதி இதுதானே?

ரிச்சர்ட்சன் ஆடிப்போனார். அடுத்தடுத்த பதிப்புகளில், 1749-லும் 1751-லும், நீ இப்போது செய்ய நினைப்பதையே செய்தார். அடிக்குறிப்புகள் போட்டார், லவ்லேஸ் எவ்வளவு கொடியவன் என்று காட்டப் புதிய பகுதிகளைச் சேர்த்தார். ஆனால் லவ்லேஸின் கவர்ச்சியைக் குறிப்புப் போட்டுக் குறைக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த நாவலைப் படிக்கிறவர்கள் அவன் குரலில் ஒரு தடவையாவது மயங்கிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். அந்த நாவல் நிற்பதற்குக் காரணம் வேறு. கிளாரிஸாவும் அதில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். பலாத்காரத்துக்குப் பிறகு அவள் எழுதிக் கிழித்துப்போடும் துண்டுக் காகிதங்கள்கூட நம் கைக்கு வருகின்றன. லவ்லேஸின் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டிருந்த வாசகன் அவற்றையும் படித்தாக வேண்டும்.

அதனால்தான் உன் பதினான்காவது எபியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் படி. முகிலன் மனைவி தாரணிக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருக்கிறது. முகிலன் அதைப் பிடுங்குகிறான், அவள் விடமாட்டேன் என்கிறாள், மணிக்கட்டை முறுக்குகிறான், 'ஒரு சின்னச் சத்தம் கேட்டது' என்று எழுதியிருக்கிறாய். நல்ல வாக்கியம், எனக்குக் குமட்டியது. அப்புறம்? அப்புறம் முகிலன் மொட்டைமாடிக்குப் போகிறான். அப்பாவின் பெல்ட், பள்ளிக்கூடத்தில் காற்சட்டை நனைந்த அவமானம், மழை, அழுகை என்று நான்கு பக்கம். பிரமாதமான நான்கு பக்கங்கள். தாரணிக்கு? 'அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு படுக்கையைத் தட்டிப் போட்டாள்.' அவ்வளவுதான். பதினைந்தாவது எபியில் மறுநாள் காலை அவள் 'தலையைப் பின்னி முடித்துக்கொண்டு' வாசலுக்கு வருகிறாள்.

எப்படிப் பின்னினாள் மீனா? அந்தக் கையால்?

இடுப்புவரை தொங்கும் கூந்தல் என்று நீதான் முதல் எபியில் எழுதினாய். அதை மூன்றாகப் பிரித்து, ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையால் மாற்றிப் போட வேண்டும். மணிக்கட்டு வீங்கியிருந்தால் பாதிப் பின்னலில் கை நடுங்கிக் கூந்தல் அவிழ்ந்துவிடும். ஒருவேளை அவள் பின்னாமல் முடிந்துகொண்டு வந்திருக்கலாம். 'இன்றைக்கு ஏன் கொண்டை?' என்று முகிலனே கேட்டிருக்கலாம். அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? எனக்கு அந்த ஒரு பதில் வேண்டும். முகிலனின் மழை நான்கு பக்கமும் இருக்கட்டும், ஒரு வரிகூட வெட்டாதே. ஆனால் அவன் மாடியில் அழுதுகொண்டிருந்த அந்த நேரம் முழுக்கக் கீழே ஒருத்தி இருந்தாள். அவள் எங்கே உட்கார்ந்தாள், எந்தக் கையால் தண்ணீர் குடித்தாள், அவன் படியிறங்கும் சத்தம் கேட்டதும் என்ன செய்தாள் என்பதெல்லாம் உனக்கே இன்னும் தெரியாது என்று தோன்றுகிறது. தெரிந்திருந்தால் நீ எழுதாமல் இருந்திருக்க மாட்டாய்.

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் ஞாபகம் இருக்கிறதா? அந்த மஞ்சள் அட்டைப் பிரதியை யார் தொலைத்தது என்ற சண்டையை விடு. அதன் நாயகன் ரஸ்கோல்நிகோவ் கொல்வது இரண்டு பேரை. அடகுக்காரக் கிழவியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம், அவனும் அவளை வைத்துத்தான் தத்துவம் பேசுகிறான். திட்டத்திலேயே இல்லாத இரண்டாவது ஆள் லிசவேதா, கிழவியின் தங்கை. நேரம் கெட்ட நேரத்தில் அறைக்குள் வந்துவிடுகிறாள். கோடரி மேலே உயரும்போதுகூட முகத்தை மறைக்கக் கையைச் சரியாகத் தூக்கத் தெரியாதவள். பிறகு ஒரு இடத்தில் அவனே யோசிக்கிறான், லிசவேதாவை நான் ஏன் நினைப்பதே இல்லை, அவளைக் கொல்லாதவன் மாதிரி இருக்கிறேனே என்று. வாசகனும் அதற்குள் அவளை மறந்திருப்பான். ரஸ்கோல்நிகோவின் காய்ச்சல், அவன் அம்மா, அவன் தங்கை, நமக்கு அவன் கவலைதான்.

தஸ்தயெவ்ஸ்கி மறக்கவில்லை. அவனை நேசிக்கும் சோனியா அவனுக்கு லாசரஸ் உயிர்த்தெழுந்த கதையைப் படித்துக் காட்டுகிறாளே, அந்தப் பைபிள் ஏது என்று அவன் கேட்கிறான். லிசவேதா கொடுத்தது என்கிறாள். இருவரும் சிநேகிதிகள். பிறகு சிலுவை. தன் மரச் சிலுவையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, லிசவேதா தனக்குத் தந்திருந்த செப்புச் சிலுவையைத் தான் போட்டுக்கொள்கிறாள். அவன் மீட்சிக்குப் போகிற வழி நெடுக, அவன் கொன்ற பெண்ணின் சாமான்கள் கிடக்கின்றன. அவனை நேசிப்பதை ஆசிரியர் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நேசித்துக்கொண்டே லிசவேதாவைக் கடந்துபோக மட்டும் விடவில்லை. உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

இது எழுதுகிற உன் பக்கம். படிக்கிறவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. பிடித்துப்போன ஆள் தப்புச் செய்யும்போது, நம் பிரியத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு, அடிபட்டவளைக் குற்றவாளியாக்கிவிடுவது. உன் வாசகிகள் எழுதியதை நீயே அனுப்பியிருந்தாய்: 'தாரணி கொஞ்சம் ஓவர்', 'அவன் மூட் தெரிந்தும் ஏன் வாயைக் கொடுக்கிறாள்', 'முகிலனுக்கு ஃப்ளாஷ்பேக் இருக்கு, இவளுக்கு என்ன இருக்கு'. ஒருத்தி முகிலனை வைத்துத் தானே ஒரு ரசிகர் கதை எழுதியிருக்கிறாளாமே, அதில் தாரணி பணத்தாசை பிடித்தவளாமே!

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்க டிவி தொடருக்கும் இதுதான் நடந்தது. வால்டர் ஒயிட் போதைப்பொருள் தயாரிக்கிறான், கொல்கிறான், ஒரு சின்னப் பையனுக்கு விஷம் வைக்கிறான். ரசிகர்களில் ஒரு பெரும் கூட்டம் வெறுத்தது அவன் மனைவி ஸ்கைலரை, அவனைத் தட்டிக்கேட்டதற்காக. ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றியே எழுதினார். அந்த வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டித் தன்மேலேயே திரும்பியதையும், தன்னைக் கொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதும் அளவுக்குப் போனதையும் சொல்லியிருந்தார். கடைசி எபிசோடில் வால்டரே ஸ்கைலரிடம், எல்லாம் எனக்காகத்தான் செய்தேன், எனக்கு அது பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறான். குடும்பத்துக்காகச் செய்தான் என்று வாதாடிய ரசிகர்களைவிட அவன் நேர்மையானவன்.

ஃப்ளாஷ்பேக் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சித்ராதான் ஞாபகம் வருகிறாள். அவள் வாயைத் திறந்த அன்று எத்தனை பேர் அவளுக்கு அவள் புருஷனுடைய ஃப்ளாஷ்பேக்கைச் சொன்னார்கள். அப்பா இல்லாமல் வளர்ந்தவன், மனசு தங்கம், நீ கொஞ்சம் அனுசரித்துப் போ. சொன்னது எதுவும் பொய் இல்லை. அவன் உண்மையிலேயே கஷ்டப்பட்டு வளர்ந்தவன், நம் எல்லோரிடமும் எவ்வளவு அன்பாக இருந்தான். அதையெல்லாம் ஏன் அவளிடம் போய்ச் சொன்னார்கள் என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. அவன் பட்டதற்கான கணக்கை அவளா தீர்க்க வேண்டும்?

நீ கர்ணன் கட்சி, இந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டாய் என்று தெரியும். ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகும் செஞ்சோற்றுக் கடன் பற்றி நீ பேசிய பேச்சுக்கு வார்டனே கண்கலங்கியிருப்பார். அடியே, எனக்கும் கர்ணனைப் பிடிக்கும். ஆற்றில் விடப்பட்ட குழந்தை, குலம் கேட்டு அவமானப்படுத்தப்பட்டவன், அவனுக்காக அழாதவர்கள் யார்? ஆனால் வியாச பாரதத்தின் சபையில், விகர்ணன் எழுந்து திரௌபதிக்காகப் பேசும்போது அவனை அடக்கிவிட்டு, அவள் ஆடையைக் களையச் சொல்கிறவன் யார்? நாம் கர்ணனைக் கொண்டாடும்போதெல்லாம் அந்தச் சபையை எவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்! பாரதம் தாண்டவில்லை. தேர்ச்சக்கரம் புதைந்து கர்ணன் தர்மத்தைச் சொல்லி அவகாசம் கேட்கும்போது, திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த அன்று உன் தர்மம் எங்கே போயிற்று என்று கிருஷ்ணன் கேட்கிறான். நமக்கு அந்த இடத்தில் கர்ணனுக்காகவும் வலிக்கிறது, கேள்வி சரி என்றும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்க வைப்பதுதான் அந்த எழுத்தின் பலம்.

இன்னொரு பக்கம், இப்படிப்பட்ட ஆண்களை எழுதவே கூடாது, ஆன்டி ஹீரோ கதை படிப்பவர்களுக்கு மூளை கெட்டுவிட்டது என்று ஒரு கூட்டம் உன்னைத் திட்டுகிறதே, அதற்கும் நான் ஒத்துப்போக மாட்டேன். முகிலனை நேசிக்கும் வாசகிகளில் எத்தனை பேர் வீட்டில் ஒரு முகிலன் இருக்கிறானோ. இவன் ஒரு நாள் மாறுவான் என்று நம்ப ஓர் இடம் வேண்டும், பயப்படாமல் அவனை உற்றுப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும். கதை அதற்குத்தானே? அவர்களைக் கேலி செய்கிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசிக் கவலை முடிவைப் பற்றி. ஆக்சிடென்ட் வைத்துவிடாதே! முகிலன் தலையில் கட்டோடு படுத்திருக்க, தாரணி ஓடிவந்து காலைப் பிடித்து அழ, எபிலாக்கில் இரட்டைக் குழந்தைகள் என்று முடித்தால் நான் உன்னோடு பேசமாட்டேன். அவன் திருந்தட்டும், நிஜமாகவே திருந்தட்டும். ஆனால் மன்னிப்பதும் மன்னிக்காததும் தாரணி பாடு. வாசகிகள் அவள் சார்பில் எப்போதோ மன்னித்துவிட்டார்கள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் கங்காவைக் கெடுத்த பிரபுவை நாம் பரிதாபப்படுகிற ஆளாகவே காட்டுகிறார், அவனுக்குள் இருக்கும் அசட்டுப் பிள்ளையை நமக்குப் பிடித்தும்போகிறது. ஆனாலும் கங்காவுக்கு நேர்ந்தது ஒரு பக்கத்திலும் சின்ன விஷயமாகவில்லை. அப்படி எழுத முடியும் என்பதற்கு நம் மொழியிலேயே ஆள் இருக்கிறார்.

அதனால் அடுத்த எபியைத் தாரணிக்குக் கொடு. முழு எபியும். பதினான்காம் எபியின் அதே இரவு, அவன் மாடியில் இருக்கிறான், மழைச் சத்தம் அவளுக்கும் கேட்கிறது. அவளுக்கு அவன்மேல் இன்னும் பிரியம் இருந்தால் அதையும் மறைக்காதே, இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இன்டர்வியூ கடிதம் எங்கே போயிற்று என்றும் நீ சொல்லவே இல்லை. அவன் கிழித்தானா, பையில் வைத்துக்கொண்டானா? அவள் தேடினாளா?

போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு, அன்றே படித்துவிடுகிறேன். ராஜியிடம் முதலில் காட்டாதே, அவள் பச்சை முகிலன் கட்சி, உன் மனசை மாற்றிவிடுவாள். மாமாவுக்கு என் வணக்கம். கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் சொல், நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
நளினி