தெம்ரே ஊராருக்கு ஒரு நன்றி மடல்

தெம்ரே ஊர் மக்களுக்கும், அம்மாவுக்காக அலைந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

அம்மாவின் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று இங்குள்ள மருத்துவரும் சொல்லிவிட்டார். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி. அதுவரை எழுதியாவது வை என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். (இப்போது நிற்கவும் முடிகிறது!)

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஊரைப் பற்றிக் கொஞ்சம். துருக்கியின் தென்கரையில், அந்தாலியா மாகாணத்தில், மத்தியதரைக் கடலை ஒட்டிய சிறிய ஊர் தெம்ரே. பைபிள் வாசிக்கிறவர்களுக்கு மீறாப் பட்டணம் என்றால் தெரியும். கைதியாக ரோமுக்குப் போன பவுலைக் கப்பல் மாற்றி ஏற்றியது அங்கேதான். நான்காம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ்தான் பின்னாளில் நம் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனவர். அவருடைய எலும்புகளை 1087-இல் மாலுமிகள் இத்தாலியின் பாரி நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் பெயரிலுள்ள கோயிலைப் பார்க்கத்தான் அம்மா அத்தனை தூரம் வந்தார். விழுந்ததோ மீறாவின் ரோமானிய அரங்கத்துப் படியில். முந்தின இரவு மழை, கல்லெல்லாம் ஈரம்.

சத்தம் கேட்டு ஓடிவந்து, தன் கோட்டைக் கழற்றி அம்மாவின் தலைக்கு வைத்த காவலருக்கு முதல் நன்றி. வாசலில் மாதுளைச் சாறு விற்கும் அம்மணி ஒரு குவளை பிழிந்து வந்து, காசை நீட்டிய என் கையைத் தட்டிவிட்டார். எதிரே தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, காலின் இரண்டு பக்கமும் அணை கொடுத்து, செடி கட்டும் கயிற்றால் கட்டினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் போர்வையை விலக்கியபோது அட்டையில் அச்சடித்த சிவப்புத் தக்காளி சிரித்துக்கொண்டிருந்தது. கட்டு சரியாக இருக்கிறது என்று டாக்டர் தம்பியே பாராட்டினார். அந்த அரசு ஆஸ்பத்திரியில் எங்களைக் கவனித்த எல்லோருக்கும் நன்றி.

நாங்கள் தங்கியிருந்த விடுதியில் அறை இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. தக்காளி அண்ணன் போனில் தன் தாயாரிடம் ஏதோ பேசினார். அரை மணி நேரத்தில் எங்கள் பெட்டிகள் அவர்கள் வீட்டுக் கீழறையில் இருந்தன. டாக்டர் விமானம் ஏறலாம் என்று சொல்லும்வரை அதுதான் எங்கள் வீடு. வாடகை என்று வாயெடுத்தபோதெல்லாம் தேநீர் வந்தது.

ஜன்னலைத் திறந்தால் பசுமைக்குடில். தெம்ரேயில் கடலுக்கும் மலைக்கும் நடுவே எங்கு பார்த்தாலும் கண்ணாடியும் பிளாஸ்டிக்குமாகக் குடில்கள்தான். குளிர்காலத் தக்காளியும் மிளகாயும் அங்கிருந்துதான் லாரி லாரியாக வெளியூர் போகின்றன. தெம்ரே சிவ்ரி என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு நீட்டு மிளகாய் உண்டு. தலைகீழாகக் கவிழ்த்த பெட்டியின் மேல் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, அந்த மிளகாயைத் தரம் பிரிக்க அம்மா உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அண்ணனின் தாயார். இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அப்லா என்பார். அதற்கும் அக்கா என்றுதான் பொருள். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை. மகரந்தச் சேர்க்கைக்கு என்று பெட்டியில் வாங்கி வைக்கிற குண்டுத் தேனீக்கள் அம்மாவின் காதருகே ரீங்கரித்துப் போகும். பயந்தது நான்தான்.

ஒருநாள் இரவு பனி கடுமையாக இறங்கியது. ஒரே ராத்திரியில் செடி கருகிப் போகும் என்பதால் வீடே விழித்திருந்து குடிலுக்குள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்திலும் அக்கா இரண்டு தடவை வந்து அம்மாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். அதற்கு நன்றி சொல்ல எனக்குத் துருக்கியும் தெரியாது, தமிழும் போதாது.

கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் பழைய கல் தட்டும் என்று அண்ணன் சொன்னார். ஆற்று வண்டல் மூடிய நகரம் அது. நிக்கோலாஸ் கோயிலுக்கே தெரு மட்டத்திலிருந்து கீழே இறங்கித்தான் போக வேண்டும். அந்த வண்டலில்தான் இன்று தக்காளி. பஸ்ஸில் வருகிறவர்கள் பாறைக் கல்லறைகளையும் கோயிலையும் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். கால் உடையாவிட்டால் நாங்களும் அப்படித்தான் போயிருப்போம்.

அம்மா விழுந்த அரங்கத்துக்கும் ஒரு உபகாரக் கதை உண்டு. 141-ஆம் ஆண்டு நிலநடுக்கம் மீறா இருந்த பழைய லீசியா நாட்டின் ஊர்களைச் சாய்த்தபோது, ரோடியாபோலிஸ் ஊர்ச் செல்வந்தர் ஓப்ரமோவாஸ் ஊர் ஊராகப் பணம் கொடுத்தார். மீறாவும் அதில் பங்கு பெற்றது. அவரைப் பாராட்டிய தீர்மானங்களையும் ரோமச் சக்கரவர்த்தியின் கடிதங்களையும் அவருடைய நினைவு மண்டபச் சுவர் முழுக்க வெட்டி வைத்தார்கள். கல்லில் வெட்ட எங்களுக்கு வசதியில்லை, அண்ணா. இந்த மடலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலி தள்ளிய விமான நிலைய ஊழியர்களுக்கும், ஊரிலிருந்து பணம் அனுப்பிய நண்பர்களுக்கும் நன்றி. காப்பீட்டுக்காரர்களைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

கடைசியாக, அந்தாலியாவில் படிக்கும் நம் ஊர்த் தங்கைக்கு. முன்பின் தெரியாத எங்களுக்காக நடுராத்திரியிலும் போனில் மொழிபெயர்த்தாய். கடலோர மலைப்பாதையில் மினிபஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் வாசித்துச் சொன்னாய். அக்கா கொடுத்த மிளகாய் விதையை விமானத்தில் கொண்டுவர முடியாது என்று உன்னிடம் விட்டுவந்தோமே, அதைத் தொட்டியில் போட்டாயா? இந்த மடலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடு. டாக்டர் தம்பிக்கு எக்ஸ்ரே படம் அனுப்பியிருக்கிறேன், சொல்லிவிடு. பரீட்சை முடிந்து ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. என்ன சமைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்கிறார்.