பங்கோர் கோட்டையும் குட்டியின் காதுகுத்தும்

பினாங்கு
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவள் கையெழுத்தில் வந்த உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போய்விட்டது, ரிப்பேருக்குக் கொடுக்க நேரமே அமையவில்லை, வீடியோ கால் நின்றுபோனது அதனால்தான். மற்றபடி நான் நல்லாத்தான் இருக்கிறேன். மூன்று வேளையும் கடையிலேயே சாப்பாடு, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்.

கடைக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று போன வாரம் இரண்டு நாள் லீவு. முதலாளி வேனைக் கொடுத்தார், சமையல்கட்டு ஆட்கள் ஆறு பேரும் பங்கோர் தீவுக்குக் கிளம்பினோம். பக்கத்து அறைச் சீனத் தாத்தாவுக்கு எப்படித் தெரிந்ததோ, காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டுகிறார். அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, கூண்டுக் குருவியைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் தான் குளிப்பார், என்னைப் பார்த்தால் "சாப்டாச்சா?", அந்த ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். அவர் பிறந்ததே பங்கோரில்தானாம். இருபது ரிங்கிட்டைக் கையில் திணித்து, நெத்திலி வாங்கி வா என்றார்.

லூமுட் வரைக்கும் வேன், அங்கிருந்து ஃபெர்ரி. தீவில் டாக்சி எல்லாம் ரோஸ் கலர் வேன்கள், பெரியவள் பார்த்தால் குதிப்பாள். இறங்கினதும் அடித்த கருவாட்டு வாடையில் ஒரு நிமிஷம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. கடலைப் பார்த்தபடி ஒரு பத்திரகாளியம்மன் கோவில் வேறு. குட்டி பேரில் ஒரு அர்ச்சனை செய்தேன்.

தெலுக் கெடுங் என்கிற சின்ன ஊரில்தான் டச்சுக்காரன் கோட்டை. அத்தான் பார்த்தால் சிரிப்பார், நம் தரங்கம்பாடிக் கோட்டையின் ஒரு மூலைக்குக் காணாது. கூரை இல்லாத நாலு செங்கல் சுவர், அவ்வளவுதான். ஈயம் சேர்த்துவைக்க 1670ல் கட்டினார்களாம், 1690ல் ஊர்க்காரர்கள் அடித்து நொறுக்க, 1743ல் திரும்பி வந்து சரிசெய்து ஐந்தே வருஷத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது நிற்பது 1973ல் மியூசியத்துக்காரர்கள் எடுத்துக் கட்டினது. நம்முடையது 1620, இதற்கு ஐம்பது வயது மூத்தது, மாசிலாமணிநாதர் கோவிலைத் தின்ற கடலுக்குப் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறது! கூட வந்த ராமநாதபுரத்துப் பையன்களிடம், ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரனுக்கு இடம் கொடுத்தது, அவன் 1845ல் வெள்ளைக்காரனுக்கு விற்றது எல்லாம் பெருமையாக அளந்தேன். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருவன் கேட்டான் பார், எனக்குப் பேச்சே வரவில்லை. நான் உள்ளே போனதே இல்லையே அக்கா. பொறையாரில் இருபத்தாறு வருஷம் இருந்து, அந்த மதில் நிழலில் கிரிக்கெட் ஆடினதோடு சரி. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன அன்றைக்கும் எனக்கு அம்மை. ஐம்பது பீரங்கி இருக்கும் என்று அடித்துவிட்டேன்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை. புலி ஒரு பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி அதில் செதுக்கியிருக்கிறது, டச்சுக்காரர் பிள்ளை என்று கதை சொல்கிறார்கள். மேலே ஷெட் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சுட்ட மீன் வாங்கினார்கள், எனக்குப் பசியில்லை, கட்டிக்கொண்டு போன சோறே போதுமாக இருந்தது. சாயங்காலம் தெலுக் நிப்பா கடற்கரை. அங்கே இருவாச்சிப் பறவைகள் நம்மூர்க் காக்காய் மாதிரி கம்பியில் வந்து உட்கார்ந்து வாழைப்பழம் கேட்கின்றன. நம் கடலில் சூரியன் எழும்பும், இங்கே கடலில் விழுகிறது. மணி ஏழரை. அங்கே ஐந்து ஆகியிருக்கும், அம்மா டீ டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்திருப்பாள். பையன்கள் தண்ணீரில் குதித்தார்கள், நான் கரையிலேயே இருந்துவிட்டேன். அப்படியே ஊருக்கு வந்துவிடலாம் போல இருந்தது அக்கா. டீயில் இன்னும் சர்க்கரை போடுகிறாளா? டாக்டர் வேண்டாம் என்றாரே, நீ பார்த்துக்கொள்.

நெத்திலிப் பொட்டலத்தைக் கொடுத்ததும் தாத்தா பிரிக்கக்கூட இல்லை, மூக்கில் வைத்துக்கொண்டு கதவிலேயே நின்றார். அன்றைக்குச் சாப்டாச்சா என்று கேட்கவில்லை.

அப்புறம் காதுகுத்து விஷயம். வைத்தீஸ்வரன் கோவிலில் வைகாசிக்கு நாள் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறாய், ஆவணிக்குத் தள்ள முடியுமா என்று அத்தானைக் கேள். கடையில் ஆள் குறைவு, லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. தோடு நான்தான் போடுவேன், அவசரப்பட்டு நீ கடன் வாங்கிச் செய்துவிடாதே, தங்கம் கொஞ்சம் இறங்கட்டும் என்று பார்க்கிறேன். சீட்டுப் பணம் இந்த மாதம் பத்து நாள் தாமதமாக வரும், சீட்டு அத்தையிடம் சொல்லிவை. தள்ளவே முடியாதென்றால் சித்தப்பா மகன் மடியில் உட்காரவையுங்கள், மாமா மடி என்று மட்டும் குட்டியிடம் சொல்லிவிடாதே.

அத்தானுக்கு நேரம் இருந்தால் கோட்டைக்குள் போய்ப் பீரங்கி எத்தனை என்று எண்ணி எழுதச் சொல். பையன்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன் தம்பி